லினியேஜ் போட்ட போனில் பிளே ஸ்டோர் எங்கே?

[காட்சி: உப்புவெளி, வீட்டு விறாந்தை. மேசையில் பழைய போன், லேப்டாப், கேபிள்.]

வணக்கம், திருமலையிலிருந்து. மின்விசிறியைப் போட்டால் மைக்கில் இரைகிறது, அதனால் வியர்த்துக்கொண்டேதான் பேசுகிறேன்.

இந்தப் போனில் இப்போதுதான் லினியேஜ் 21 ஏற்றினேன், போனோடு வந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக நாமே போடும் ஆண்ட்ராய்டு அது. இன்னும் பூட் பண்ணவில்லை, அதாவது அதைத் தொடங்கவில்லை; காரணம் இருக்கிறது. இதோடு பிளே ஸ்டோர் வராது. இப்படி மாற்றிப்போடும் ஆண்ட்ராய்டை ரொம் என்பார்கள். 2009இல் சயனோஜென்மொட் என்ற ரொம் கூகுள் செயலிகளையும் சேர்த்தே கொடுத்தது. நிறுத்தச் சொல்லிக் கூகுள் கடிதம் போட்டது. அதற்குப் பிறகு ரொம் தனி, கூகுள் பொதி தனி. அந்தப் பொதிதான் ஜிஆப்ஸ்.

பிளே ஸ்டோரின் ஏபிகே, அதாவது செயலிக் கோப்பை, இறக்கிப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பிளே ஸ்டோருக்குப் பின்னால் ஓடும் பிளே சேவைகள் சிஸ்டத்துக்குள்ளேயே, அதற்கென்று உள்ள சிறப்பு அனுமதிப் பட்டியலோடு இருக்க வேண்டும்.

[காட்சி: பதிவிறக்கப் பக்கம், நெருக்கமாக]

பொதியின் பெயரைக் கவனியுங்கள். லினியேஜ் 21 என்றால் ஆண்ட்ராய்டு 14. எனவே 14க்கான ஜிப்தான் வேண்டும். 21 என்று தேடினால் குழம்பிப்போவீர்கள். போனின் சிப் வகை ஆர்ம்64 என்றால் பொதியும் அதுவே. நான் எடுப்பது மைண்ட் த ஜிஆப்ஸ் என்ற பொதி. சின்னது, தேவையானது மட்டும் இருக்கும்.

இப்போது, நான் இன்னும் பூட் பண்ணாத காரணம்: ஜிஆப்ஸ் முதல் பூட்டுக்கு முன்பே ஏற வேண்டும். முதல்தடவை நான் ஆசையில் பூட் பண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஜிஆப்ஸ் ஏற்றினேன். ‘கூகுள் பிளே சேவைகள் நின்றுவிட்டன’ என்று நிமிடத்துக்கொரு தடவை வந்தது. டேட்டா முழுவதையும் அழித்து, திரும்ப முதலிலிருந்து. ஒரு பின்னேரம் போயிற்று.

[காட்சி: ரிக்கவரித் திரை]

ரிக்கவரி என்பது ரொம் ஏற்றுவதற்கென்று போனில் உள்ள தனித் திரை. ரொம் ஏறியதும், மேலதிகப் பொதி ஏற்ற ரிக்கவரியை மறுபடி தொடங்கவா என்று கேட்கும். ஆம் கொடுங்கள். இரண்டு ஸ்லொட், அதாவது சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள், உள்ள போன்களில் இதைத் தவிர்த்தால் பொதி பழைய ஸ்லொட்டில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு ஏடிபி, அதாவது லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி, வழியாக சைட்லோட்: பொதியைக் கேபிளில் போனுக்கு அனுப்புவது. கையொப்பம் சரியில்லை என்று எச்சரிக்கும். பயப்படாதீர்கள், பொதி லினியேஜின் சாவியால் கையொப்பமிடப்படவில்லை, அவ்வளவுதான். நம்பிக்கையான இடத்தில் எடுத்திருந்தால் ஆம் கொடுக்கலாம்.

[காட்சி: லேப்டாப் திரை, 47%]

இதோ, 47 சதவீதத்தில் நின்றுவிட்டது. கேபிளைப் பிடுங்காதீர்கள்! லேப்டாப்பில் இப்படி நின்றாலும் வேலை முடிந்திருக்கலாம். போன் திரையைப் பாருங்கள், அது சொல்வதுதான் கணக்கு.

சரி, முடிந்துவிட்டது. இப்போது பூட் பண்ணலாம். முதல் பூட்டுக்கு நேரம் எடுக்கும், நான் போய் மின்விசிறியைப் போடுகிறேன்.