முப்பதிலிருந்து ஐந்துக்கு: வனாமிக் குஞ்சு நீர் மாறும் விதம்

பண்ணையாளர்களுக்கு வணக்கம்.

வனாமி இறாலின் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பெரு வரை நீளும் பசிபிக் கரை. இந்தியாவில் இதை வளர்க்க 2009-இல் அனுமதி கிடைத்தது. இறக்குமதியாகும் தாய் இறால் சென்னை நீலாங்கரைத் தனிமைப்படுத்தும் நிலையத்தைத் தாண்டித்தான் பொரிப்பகத்துக்குப் போகிறது. கடலில் பிறந்த இந்தப் பிராணி 2 பி.பி.டி. (லிட்டருக்குச் சுமார் 2 கிராம்) உப்பிலும் வளரும், 40-லும் பிழைத்திருக்கும். "எந்தத் தண்ணியிலயும் வளரும் சார்" என்று விற்பவர் சொல்வது இதை வைத்துத்தான். அந்தத் தண்ணீருக்கு அது எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் நாம்தான் கேட்க வேண்டும்.

வனாமியின் இரத்தமும் சுற்றியுள்ள நீரும் ஒரே செறிவில் நிற்பது சுமார் 25 பி.பி.டி.யில். உப்பு அதற்குக் கீழே போனால் வெளிநீர் உடம்புக்குள் ஏறும், உப்பு வெளியேறும். போன உப்பைத் திரும்ப உள்ளே இழுப்பது செவுளில் இருக்கும் ஒரு நொதி. அந்த வேலைக்குத் தீனியில் கிடைத்த சக்தி செலவாகிறது. நொதி முழு வேகத்துக்கு வரவும் நாளாகும். மிகச் சிறிய குஞ்சுக்குச் செவுளே முழுதாக அமைந்திருக்காது. குறைந்த உப்புக் குளத்துக்கு பி.எல்.12-க்குக் கீழ் (குஞ்சுப் பருவத்துக்கு வந்து 12 நாள் ஆகாததை) வாங்காதீர்கள் என்பது இதனால்தான்.

பொரிப்பகத் தொட்டியில் உப்பு 30 பி.பி.டி. இருக்கும். உங்கள் குளம் 5 என்றால் உப்பை இறக்குகிற வேலையை அங்கேயே முடிக்கச் சொல்லுங்கள். மணிக்கு 2-க்கு மேல் குறைக்கக் கூடாது. 8-க்குக் கீழே மணிக்கு 1 போதும். 5-ஐத் தொட்டபின் ஒரு நாள் முழுக்க அதிலேயே நிறுத்தித் தீனி கொடுத்துப் பார்க்க வேண்டும். அவசரப்படுத்திய குஞ்சின் சதை வெளுக்கும், குடல் காலியாகத் தெரியும்.

குஞ்சு அடைத்த பை பண்ணைக்கு வந்து சேர்ந்ததும் நடக்கும் தவறு ஒன்று உண்டு. மூடிய பையில் குஞ்சு மூச்சுவிட்டுக் கரியமில வாயு சேரும், பி.எச். (நீரின் அமில-கார அளவு) இறங்கும். கழிவிலிருந்து வரும் அமோனியாவும் சேரும். ஆனால் பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அதில் பெரும்பகுதி நஞ்சில்லாத வடிவில் கிடக்கும். பையைத் திறந்து உடனே காற்றைப் பலமாக அடித்தால் கரியமில வாயு பறந்துவிடும், பி.எச். ஏறும், அமோனியா நஞ்சாக மாறும். நல்லது செய்வதாக நினைத்து நாமே கொல்கிறோம். பையைக் கட்டியபடியே அரை மணி நேரம் மிதக்க விடுங்கள், வெப்பம் சமமாகட்டும். பிறகு திறந்து, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். விடியற்காலை நல்ல நேரம், குளத்தின் பி.எச். அப்போதுதான் தாழ்வாக இருக்கும். குளத்தில் ஏரேட்டர் (காற்றூட்டும் இயந்திரம்) மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆக்சிஜனும் அந்நேரம்தான் மிகக் குறைவு.

ஹாப்பா வலையில் (குளத்துக்குள் கட்டும் சிறு வலைத்தொட்டி) 100 குஞ்சை எண்ணி விட்டு, 48 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். பொரிப்பகத்தோடு பேச அந்த எண்ணிக்கை கையில் இருக்கட்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் இருபது முப்பது நாளில் குஞ்சு சாகிறதே என்றால், குற்றம் பெரும்பாலும் போர்வெல் தண்ணீரில்தான். ரிஃப்ராக்டோமீட்டர் மொத்த உப்பைக் காட்டும், எந்த உப்பு எவ்வளவு என்று சொல்லாது. நிலத்தடி நீரிலிருக்கும் பொட்டாசியத்தைக் களிமண் பிடித்துக்கொள்கிறது. நான் சொன்ன அந்த நொதிக்கோ பொட்டாசியம் இல்லாமல் வேலை நடக்காது. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வேண்டும் என்று பார்க்க உப்பளவை 10.7-ஆல் பெருக்குங்கள், மக்னீசியத்துக்கு 39.1. குளம் 5 பி.பி.டி. என்றால் பொட்டாசியம் சுமார் 54, மக்னீசியம் 195.

ஆய்வகச் சீட்டில் பொட்டாசியம் 34 என்று வந்தால் 20 குறைகிறது. ஒரு ஏக்கர், ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 4,000 கன மீட்டர் நீர். 80 கிலோ பொட்டாசியம் வேண்டும். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தில் பாதிதான் பொட்டாசியம், ஆகவே 160 கிலோ. நாலைந்து தவணையாகக் கரைத்து ஊற்றுங்கள். குளத்து அடிமண்ணும் தன் பங்கை உறிஞ்சும் என்பதால் சில வாரம் கழித்து மறுபடி சோதிக்காமல் விடாதீர்கள். வீச்சுவலையில் தூக்கிய இறால் வாலை மடக்கி விறைத்து, நிமிராமல் கிடந்தால் கனிமக் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் நாம் படிப்படியாகச் செய்ததை வானம் ஒரே இரவில் செய்துவிடும். மழைநீர் கனம் குறைந்தது, மேலேயே மிதக்கும். மதகில் மேல்பலகையை எடுத்து அந்த நீரை வடித்துவிட்டு, பிறகு ஏரேட்டரை ஓட்டுங்கள். முதலிலேயே ஓட்டினால் மழைநீர் முழுக் குளத்திலும் கலந்துவிடும். அன்றைய தீனியைக் குறையுங்கள். மறுநாள் தீனித் தட்டில் எத்தனை தோலுரித்த இறால் என்று பார்த்து, நிறைய இருந்தால் கனிம உப்பை அன்று மாலையே போடுங்கள்.