பழைய மரப்பலகைச் சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதற்கு முன்

வணக்கம். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி கிடைமட்டமாக அடிக்கப்பட்ட வெதர்போர்டு பலகைகளால் ஆன வெளிச்சுவரைத்தான் இப்போது திரையில் பார்க்கிறீர்கள். பெயிண்ட் பல இடங்களில் கொப்பளித்தும் உரிந்தும் கிடக்கிறது. உடனே சுரண்டத் தொடங்காமல், அது ஏன் உரிந்தது என்பதை முதலில் கண்டுபிடித்துவிடுவோம்.

இதோ இந்தக் கொப்புளத்தைக் கத்தியால் கீறித் திறக்கிறேன். உள்ளே வெறும் மரம் தெரிகிறது. அப்படியென்றால் பெரும்பாலும் மரத்துக்குள் புகுந்த ஈரம் வெளியேற முயன்று பெயிண்டைத் தள்ளியிருக்கிறது. உள்ளே பழைய பெயிண்ட் படலமே தெரிந்திருந்தால், சுட்டெரிக்கும் வெயிலில் அடித்ததால் மேற்படலம் மட்டும் எழும்பியிருக்கிறது என்று கொள்ளலாம். ஈரம்தான் காரணமென்றால், ஒழுகும் மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண், வெளிக்காற்றுக்கு வழியில்லாத குளியலறை ஆகியவற்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் அது மீண்டும் உரியும்.

வீடு பழையதென்றால் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயம் 1978-இல்தான் தடைசெய்யப்பட்டது. ஆகவே சோதித்துப் பார்க்கும்வரை ஈயம் இருப்பதாகவே கருதுங்கள்: உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், நெருப்பால் பொசுக்க வேண்டாம், தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள், நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள், கீழே தடித்த பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, விழும் துணுக்குகளை அன்றன்றே கட்டி அகற்றுங்கள். சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

கழுவுவதற்கு மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சியை நான் விரும்புவதில்லை. அது பலகை இடுக்குகளின் வழியாகச் சுவருக்குள்ளேயே தண்ணீரைச் செலுத்திவிடும். பூஞ்சை படிந்த இடங்களில் நீர்த்த பிளீச் பயன்படுத்தலாம், ஆனால் அதை அமோனியா கலந்த எந்தத் திரவத்துடனும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகும். பிறகு நன்றாக உலர விடுங்கள். மரத்தில் முள்களைக் குத்தி அளக்கும் ஈரப்பதமானி 15 சதவீதத்துக்குள் காட்டினால் நல்லது. அதைவிட அதிகமாக இருந்தால் இன்னும் சில நல்ல வெயில் நாட்களுக்குப் பொறுத்திருங்கள்.

இனிச் சுரண்டல். கையால் இழுக்கும் சுரண்டியை மரத்தின் நார்வாக்கிலேயே இழுத்துப் பிடிப்பில்லாத பெயிண்டை மட்டும் எடுக்கிறேன். உறுதியாக ஒட்டியிருக்கும் பெயிண்டை முழுவதும் நீக்க வேண்டியதில்லை. அதன் விளிம்புகளை மட்டும் 80 எண், பிறகு 120 எண் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தால் போதும். மெருகு போடுவதுபோல் வழவழப்பாகத் தேய்த்துவிடாதீர்கள், அடிப்பூச்சான பிரைமருக்குப் பற்றுகோள் வேண்டும். வெறுமையாகக் கிடந்து சாம்பல் நிறமாகிவிட்ட மரத்தை மட்டும், புதிய நிறம் தெரியும்வரை தேய்த்தே ஆக வேண்டும். வெயில் அந்த மேற்படலத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைத்துவிட்டிருக்கும். தளர்ந்த அந்த இழைகளின்மேல் எதை அடித்தாலும், இழைகளோடு சேர்ந்தே கழன்று வரும். தேய்த்த மரத்தை நெடுநாள் திறந்து வைக்காதீர்கள். இரண்டு மூன்று வார வெயிலே ஒட்டும் திறனைக் குறைக்கும். அதனால் ஒரு பக்கச் சுவரைத் தேய்த்து, அதற்குப் பிரைமர் அடித்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போகிறேன்.

பலகையின் அடி விளிம்பையும் முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அது இற்றுப்போன மரம். சிறிய இடமென்றால் வெட்டியெடுத்து, இறுகிக் கெட்டியாகும் எபாக்சி மக்கு வைத்து நிரப்பலாம், பெரியதென்றால் பலகையையே மாற்றுங்கள். புதிய பலகையின் வெட்டுமுனை முகப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும் என்பதால், அதற்கும் பலகையின் பின்பக்கத்துக்கும் பொருத்தும் முன்பே பிரைமர் அடித்துவிட வேண்டும். துருப்பிடித்த ஆணித் தலைகளைச் சற்று உள்ளிறக்கி, பிரைமர் தொட்டு வைத்து, அதன்மேல் மக்கு வைத்து மூடுங்கள்.

பலரும் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் கீழ் விளிம்பின் இடைவெளியைச் சீலண்டால் அடைத்துவிடுகிறார்கள். அதை அடைக்கவே கூடாது. உள்ளே புகுந்த நீர் வடிவதும் சுவர் உலர்வதும் அந்த வழியாகத்தான். செங்குத்தான இணைப்புகளையும் சன்னலின் பக்கவாட்டுச் சட்டங்களையும் மட்டும், மேலே பெயிண்ட் பிடிக்கும் அக்ரிலிக் சீலண்டால் அடையுங்கள். சாதாரண சிலிக்கோனின் மேல் பெயிண்ட் பிடிக்காது.

சிடார் போன்ற, பழுப்புச் சாறு கசியும் மரமென்றால் கறையைத் தடுக்கும் எண்ணெய் பிரைமரே பொருத்தம். மற்றவற்றுக்கு நல்ல அக்ரிலிக் பிரைமர் போதும். அதன்மேல் அக்ரிலிக் பெயிண்ட் இரண்டு பூச்சு.

வெயில் நேராக விழும் சுவரில் அடிக்காமல், நிழல் வீட்டைச் சுற்றி நகரும் திசையிலேயே நீங்களும் நகருங்கள். முதலில் பலகையின் அடி விளிம்பு, பிறகு முகப்பு. மூன்று நான்கு பலகைகளை ஒருசேர எடுத்துக்கொண்டு, முனையிலிருந்து முனைவரை, விளிம்பு காய்வதற்குள் அடித்துக்கொண்டே போனால், பாதியில் நிறுத்தி அடித்த பட்டைகள் தெரியாது. மாலையில் பனி இறங்குவதற்குச் சில மணிநேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். ஈரம் பட்ட புதுப் பூச்சு மங்கிப்போகும். இரண்டாம் பூச்சுக்கு எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும். குளிர்ந்த நாளென்றால் அதைவிடக் கூடுதலாகவே பொறுங்கள்.