அஸ்மாராவை எந்தப் பக்கமிருந்து நடந்து பார்ப்பது?

அவைத்தலைவர் அவர்களே, அன்பர்களே,

எரித்திரியாவின் தலைநகரான அஸ்மாராவை வழிகாட்டியின் துணையின்றிக் காலாற நடந்து பார்க்க விரும்புவோர், பெரும்பாலும் நகரின் நடுவே செல்லும் ஹார்னெத் நிழற்சாலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கத்தோலிக்கப் பேராலயத்தின் கோபுரம் தொலைவிலிருந்தே கண்ணில் படுவதால் இது இயல்பே. ஆனால் அந்த நடையை மெதெபர் சந்தையில் தொடங்குவதே முறை என்பது என் கருத்து.

மெதெபரின் வாயிலை நெருங்கும்போதே தகரத்தைத் தட்டும் ஓசை காதை அடைக்கும். பழைய இரும்புப் பீப்பாய்களை வெட்டி நிமிர்த்தி அடுப்புகளாக்குகிறார்கள். தேய்ந்த டயர்கள் செருப்புகளாகின்றன. அருகிலேயே பெர்பெரே என்னும் காரப்பொடியை அரைக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன. அவ்விடத்தைத் தும்மாமல் கடப்பவர் அரிது.

அங்கிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இந்நகரம் அமைந்த விதம். 1890களில் படைநிலையமாக வளர்த்தெடுக்கப்பட்ட அஸ்மாராவை, இத்தாலியக் குடியேற்ற ஆட்சியாளர்கள் ஐரோப்பியருக்கு ஒரு பகுதி, எல்லோரும் புழங்கும் சந்தைப் பகுதி, உள்நாட்டவருக்கு வேறொரு பகுதி என இனவாரியாகப் பிரித்துத் திட்டமிட்டார்கள். 1935இல் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்த பின் கட்டடப் பணி பெருவேகம் பிடித்தது, பிரிவினையும் இறுகியது. ஆகவே மெதெபரிலிருந்து எந்தா மரியம் ஆலயத்துக்கும், பிறகு சந்தையை ஒட்டிய குலஃபா அல் ராஷிதூன் பள்ளிவாசலுக்கும், கடைசியில் ஹார்னெத்துக்கும் நடப்பவர் அந்தப் பழைய எல்லைகளை ஒவ்வொன்றாகத் தாண்டுகிறார். எந்தா மரியம் ஆலயத்தில், கல்லையும் மரத்தையும் அடுக்கிக் கட்டும் மலைநாட்டு மரபின் சாயலை நின்று பாருங்கள்.

ஹார்னெத்தில் 1937இல் எழுந்த இம்பேரோ திரையரங்கை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். எனக்கோ அந்தச் சாலையின் மாலை நேர உலாவே பெரிது. எரித்திரியர்கள் ஒரு காலத்தில் விருப்பம்போல் நடமாட முடியாதிருந்த இச்சாலையில், இன்று குடும்பம் குடும்பமாக மெல்ல நடக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து மக்கியாத்தோ அருந்துகிறார்கள். இத்தாலியர் விட்டுச்சென்ற காப்பிப் பழக்கம் அது. வீடுகளிலோ ஜெபனா என்னும் மண் கூஜாவில் காய்ச்சும் காப்பிச் சடங்கு தனியே தொடர்கிறது.

செல்வோர் அச்சிட்ட வரைபடம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கைபேசி இணையத்தை நம்ப வேண்டாம். அரசு, இராணுவக் கட்டடங்களைப் படமெடுக்காதீர்கள். நகருக்கு வெளியே செல்ல வெளிநாட்டவர் அனுமதி பெற வேண்டும்.

கடைசியாக, வெளிச்சம் இருக்கும்போதே ஃபியட் தாலியேரோவைப் பார்த்துவிடுங்கள். ஜுசெப்பே பெத்தாத்ஸி 1938இல் விமான வடிவில் அமைத்த பெட்ரோல் நிலையம் அது. பக்கத்துக்கு 15 மீட்டர் அளவில் நீளும் கான்கிரீட் இறக்கைகளுக்கு முட்டுத்தூண்கள் வேண்டுமென அதிகாரிகள் வற்புறுத்தினார்களாம். திறப்பு நாளில் அவர் துப்பாக்கியைக் காட்டி முட்டுகளை அகற்றச் செய்தாராம். கதையை நம்புவது உங்கள் விருப்பம். நிலையம் எழுந்த மூன்றாம் ஆண்டில், 1941இல், பிரித்தானியப் படைகள் நுழைந்து இத்தாலிய ஆட்சியை முடித்துவைத்தன. இறக்கைகளோ இன்னும் தூணின்றியே நிற்கின்றன.