ஒரு காபனும் மூண்டு ஐதரசனும்

(போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலை உப்புவெளியில ஒரு வாசிகசாலை மண்டபத்தில கதைச்சது. வர ஏலாமப்போன ஆக்கள் கேட்டதால கதைச்ச மாதிரியே எழுதிப் போடுறன்.)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாமார் கனபேர் வந்திருக்கிறீங்க, நல்ல சந்தோசம், ஏனெண்டா இண்டைக்கு நான் கதைக்கப்போற விசயம், உடம்புக்குள்ள நடக்கிற மெதைலேற்றமும் அதுக்கு வேணுமான ஃபோலேற், பி12 எண்டுற ரெண்டு விற்றமினும், பாதிக்குமேல உங்கட அடுப்படியிலதான் இருக்கு. நான் டொக்டர் இல்ல. முப்பது வருசம் ஆய்வுகூடத்தில மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால இருந்து ரத்தம் பாத்த ஆள். அதால ஆருக்கும் மருந்து எழுத மாட்டன், கண்டதையும் படிச்சதையும் சொல்லுவன்.

முதல்ல என்ர அம்மாட கதை. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டா, பால் தேத்தண்ணியும் குடிக்க மாட்டா, வெறும் தேத்தண்ணிதான். சீனி வருத்தத்துக்கு பத்துப் பன்னெண்டு வருசமா மெற்ஃபோமின் குளிசை போட்டவ. எழுபது வயசு தாண்டின பிறகு மெல்ல மெல்ல ஒரு மாற்றம். பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நடந்து போகேக்க காலில இருந்து செருப்பு கழண்டு விழும், கழண்டது அவவுக்குத் தெரியாது, பின்னால வாற ஆக்கள்தான் எடுத்துக் குடுப்பாங்க. முகம் கழுவக் கண்ண மூடினா சரிஞ்சுபோய் சுவரப் பிடிப்பா. பிறகு மறதி. பிறகு சந்தேகம், என்ர நகைய எடுத்திட்டீங்க எண்டு மருமகளோட சண்டை, ராத்திரியில நித்திரை இல்ல, ஒரு மூலையில இருந்து அழுறது. சொந்தக்காரர் சொன்னது செய்வினை எண்டு, நூல் கட்டினம். ஒரு இடத்தில காட்டினம், வயசுபோனா இப்பிடித்தான், மனநல மருந்து தாறம் எண்டாங்க. ஒண்டரை வருசம் அப்பிடியே போச்சு.

கடைசியா ஒரு நாள் நானே அம்மாட ரத்தத்தில ஒரு துளிய எடுத்துக் கண்ணாடியில பூசிப் பாத்தன். சிவப்பு அணுக்கள் வழமையவிடப் பெருசு பெருசா, ஊதிப்போய்க் கிடக்கு. வெள்ளை அணுவில கரு மூண்டு நாலு மடலா இருக்கவேண்டியது ஆறு மடலா இருக்கு. பாத்த உடன கை நடுங்கிச்சு, ஏனெண்டா அது பாடப்புத்தகப் படம், மத்தாக்கள்ட ரத்தத்தில எத்தினையோ தரம் பாத்து எழுதிக் குடுத்தது, என்ர வீட்டுக்குள்ள இருந்தது எனக்குத் தெரியேல்ல. பி12 பாத்தா அடிமட்டத்தில. ஊசி போடத் தொடங்கினம். ரெண்டு மாசத்தில சண்டை நிண்டுது, நித்திரை வந்துது, பேரப்பிள்ளைகள்ட பேர் ஒழுங்காச் சொன்னா. ஆனா கால் விறைப்பு முழுசா மாறவே இல்ல. அந்த ஒண்டரை வருசம் பிந்தினதுக்கு நரம்பு குடுத்த விலை அது. எனக்கு இண்டைக்கும் அது நெஞ்சுக்குள்ள இருக்கு, அதாலதான் இந்தக் கதைய ஊர் ஊராச் சொல்லோணும் எண்டு திரியிறன்.

சரி, ஒரு விற்றமின் குறைஞ்சா ரத்தமும் காலும் மனசும் ஒண்டாக் கெடுறது எப்பிடி? அதுக்கு விடைதான் மெதைலேற்றம்.

ஏ எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீங்க, உங்களுக்கு மெதைல் எண்டாத் தெரியும், ஒரு காபன், அதில மூண்டு ஐதரசன், அவ்வளவுதான். உடம்பு இந்தச் சின்னப் பொட்டலத்த ஒரு மூலக்கூறில இருந்து எடுத்து இன்னொண்டில ஒட்டுது, அப்பிடி ஒட்டுறதுதான் மெதைலேற்றம். ஒட்டினா அந்தப் பொருள்ட குணமே மாறும். நோர்அட்ரினலின்ல ஒரு மெதைல் ஒட்டினா அது அட்ரினலின். ராத்திரி நித்திரை வரச் செய்யிற மெலற்றோனின் செய்ற கடைசிப் படியும் ஒரு மெதைல் ஒட்டுறதுதான். மூளையில டோபமின் வேலை முடிஞ்ச பிறகு அத அடக்கி அனுப்புற வழியில ஒண்டும் இதேதான். தசைக்கு வேணுமான கிரியற்றின் செய்யவும் மெதைல், ஈரலில கொழுப்பு தேங்காம வெளிய அனுப்பவும் மெதைல், நரம்புக்கு மேல வயர் உறை மாதிரி இருக்கிற மயலின் உறைய நல்லா வச்சிருக்கவும் மெதைல். டிஎன்ஏயில எந்தப் பரம்பரையலகு கதைக்கோணும், எது வாய மூடியிருக்கோணும் எண்டு அடையாளம் வைக்கிறதிலயும் மெதைலுக்குப் பெரிய பங்கு. உடம்பு ஒரு பக்கம் மனம் ஒரு பக்கம் எண்டு நாங்க பிரிச்சுக் கதைக்கிறம், இந்தப் பொட்டலத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

இதக் குடுக்கிறது ஆர் எண்டா, எஸ்-அடினோசைல்மெதியோனின் எண்டு ஒண்டு, சுருக்கமா சாம் எண்டு சொல்லுவாங்க. நாங்க சாப்பிடுற புரதத்தில இருக்கிற மெதியோனினில இருந்துதான் அது வருது. சாம் தன்ர மெதைலக் குடுத்திட்டா மிஞ்சிறது கடைசியில ஹோமோசிஸ்ரீன். அதுக்குத் திரும்ப ஒரு மெதைல் குடுத்தா மறுபடியும் மெதியோனின், சக்கரம் சுத்தும். திரும்பக் குடுக்கிற வேலைக்குத்தான் ஃபோலேற்றும் பி12உம் வேணும்.

இந்த ரெண்டுக்கும் உள்ள உறவ நம்மட ஊர்க்காரருக்கு லேசா விளங்கப்படுத்தலாம். கிண்ணியாப் பாலம் 2009ல திறந்தது, அதுக்கு முந்தின காலம் ஞாபகம் இருக்கா? பாதை எண்டு நாங்க சொல்லுற மிதவைப் படகு வந்தாத்தான் அக்கரை போகலாம். சாமான் மூட்டையோட நூறு பேர் துறையில நிண்டாலும் பாதை ஓடாட்டி மூட்டை இக்கரையிலதான். ஃபோலேற் எண்டுறது மெதைல் மூட்டை சுமந்துகொண்டு நிக்கிற ஆள். பி12தான் பாதை. பாதை இல்லாட்டி ஃபோலேற் எல்லாம் மூட்டையோட துறையில அடைபட்டு நிக்கும், மூட்டைய இறக்கி வச்சிட்டு வேற வேலைக்குப் போகவும் ஏலாது. அந்த வேற வேலை என்னெண்டா புது டிஎன்ஏ கட்டுறது. டிஎன்ஏ கட்ட ஏலாட்டி எலும்பு மச்சையில அணுக்கள் பிரியேலாமப் பெருத்துக்கொண்டே போகும், என்ர அம்மாட கண்ணாடியில நான் கண்டது அதுதான். அக்கரையில மூட்டைக்குக் காத்திருக்கிற நரம்பும் மூளையும் வாடும்.

இதில ஒரு ஆபத்து இருக்கு, கவனமாக் கேளுங்க. கடையில விக்கிற ஃபோலிக் அசிட் குளிசையும் ஃபோலேற்தான், ஆனா மூட்டை இல்லாம வாற ஆள், அது பாதைக்கு நிக்காம நேரா டிஎன்ஏ வேலைக்குப் போகும். ரத்தம் சரியாகிடும், ரிப்போட் வடிவா வரும், ஆனா பி12 இல்லாததால நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கொண்டே போகும். அதால ரத்தம் குறைவு எண்டு தாங்களாவே ஃபோலிக் அசிட் மட்டும் வாங்கி மாசக்கணக்கில விழுங்காதீங்க, பி12ஐயும் பாத்திட்டுப் போடுங்க.

ஃபோலேற்றக் கண்டுபிடிச்ச கதையும் சொல்லோணும், எனக்கு மிச்சம் பிடிச்ச கதை. லூசி வில்ஸ் எண்டு ஒரு இங்கிலாந்து டொக்டரம்மா 1928ல பம்பாய்க்கு வந்தவ. அங்க துணி மில்லுகள்ல வேலை செய்த ஏழைப் பொம்பிளைகளுக்கு வயித்தில பிள்ளை இருக்கேக்க கடுமையான ரத்தச்சோகை, அணு எல்லாம் பெருசு பெருசா. இடையில 1929ல சில மாசம் நீலகிரிப் பக்கம் குன்னூரிலயும் இருந்து ஆராய்ச்சி செய்திருக்கிறா. என்ன குடுத்தா மாறுது எண்டு தேடித் தேடி அவ கண்டுபிடிச்ச மருந்து என்ன தெரியுமா, ஈஸ்ற்றில செய்யிற மார்மைட்! நம்மட வீடுகள்ல பாணுக்குப் பூசுறதும், சுகமில்லாட்டிச் சுடுதண்ணியில கரைச்சுக் குடிக்கிறதும், அதே மார்மைட்தான். 1931ல எழுதி வெளியிட்டா. அதுக்குள்ள இருக்கிறது என்னெண்டு அப்ப ஆருக்கும் தெரியாது, 1941ல அமெரிக்காவில தொன் கணக்கில பசளிக்கீரை மாதிரி ஒரு கீரைய வடிச்சுப் பிரிச்சு எடுத்துத்தான் ஃபோலிக் அசிட் எண்டு பேர் வச்சாங்க, இலை எண்டு அர்த்தம் வாற லத்தீன் சொல்லில இருந்து. ஒரு வசதியுமில்லாத மில் தொழிலாளிப் பொம்பிளைகள நேரில போய்ப் பாத்த ஒருத்தியாலதான் இது நடந்தது, அத நான் ஒவ்வொரு முறையும் சொல்லுவன்.

அதுக்குப் பிறகு 1991ல பிரித்தானியாவில இருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 7 நாடுகளில, முந்தின பிள்ளை மூளை முதுகுத்தண்டு மூடாமப் பிறந்த தாய்மாருக்கு, அடுத்த பிள்ளை தங்கமுந்தியே ஒரு நாளைக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அசிட் குடுத்தாங்க. 100க்கு 72 பங்கு அந்தக் குறை திரும்ப வராமத் தடுத்திச்சு. தங்கச்சிமார் இத விளங்கிக்கொள்ளோணும், பிள்ளை கருவாகி 28 நாளுக்குள்ள, மூளையும் முதுகுத்தண்டும் ஆகிற குழாய் மூடி முடிஞ்சிடும், கனபேருக்கு அப்ப வயித்தில பிள்ளை இருக்கிறதே தெரியாது. மருத்துவிச்சி அம்மா கலியாணம் முடிச்ச கையோட அந்தச் சின்னக் குளிசையத் தாறது அதுக்காகத்தான். பரணில போட்டு வைக்காதீங்க.

இப்ப மனசுப் பக்கம் வாறன். இங்க நான் கொஞ்சம் மெல்லமாத்தான் கதைப்பன், ஏனெண்டா இந்த மண்டபத்தில இருக்கிற ஆருக்குத்தான் இழப்பு இல்ல, சண்டைக்காலம், இடம்பெயர்வு, 2004 சுனாமி. அப்பிடிப்பட்ட கஷ்டம் உடம்பில விடுற தடத்தப் பாத்த ஆய்வு ஒண்டு சொல்றன். ரெண்டாம் உலகப்போரில, 1944 முடிஞ்சு 45 பிறக்கிற மாரியில ஜேர்மன்காரர் நெதர்லாந்தின்ர மேற்குப் பக்கத்துக்கு சாப்பாடு போகவிடாம மறிச்சாங்க, கொடும் பட்டினி. அந்தப் பட்டினிக்குள்ள கருவான பிள்ளைகளை அறுபது வருசத்துக்குப் பிறகு சோதிச்சு 2008ல எழுதினாங்க. வளர்ச்சியோட சம்பந்தப்பட்ட ஒரு பரம்பரையலகில, பட்டினி காணாத சொந்தச் சகோதரங்களவிட இவங்களுக்கு மெதைல் அடையாளம் குறைவா இருந்தது. தாய் கிடந்த பட்டினிட தடம் கிழவனாகின பிள்ளைட ரத்தத்தில! அந்தப் பட்டினிப் பிள்ளைகளுக்கு ஸ்கிற்சோஃப்ரீனியா எண்டுற மனநோயும் மத்தவங்களவிட ரெண்டு மடங்கு கூட வந்தது, ஆனா அதுக்குக் காரணம் இந்த மெதைல்தான் எண்டு ஒருத்தரும் நிரூபிக்கேல்ல, அதையும் சேத்துச் சொல்லத்தான் வேணும்.

இன்னொண்டு, கனடாவில மக்கில் பல்கலைக்கழகத்தில எலிகளை வச்சு 2004ல செய்தது. சில தாய் எலி குட்டிய நல்லா நக்கிக் கவனிக்கும், சில தாய் கவனிக்காது. நல்லா நக்குப்பட்ட குட்டிட மூளையில, பதட்டத்த அடக்கிற ஒரு பரம்பரையலகில மெதைல் பூட்டு குறைவு, வளர்ந்த பிறகும் அது லேசில பயப்படாது. கவனிக்காத தாய்ட குட்டிய எடுத்து நல்ல தாயிட்ட விட்டா அதுவும் அமைதியான எலியாத்தான் வளருது. எலி மனுசன் இல்ல, தெரியும். ஆனா தாயையும் தகப்பனையும் பறிகுடுத்த பிள்ளைகளை மடியில போட்டு வளர்த்த பெரியம்மா சித்தி அம்மம்மாமார் இங்க எத்தினை பேர் இருக்கிறீங்க, இத வாசிக்கேக்க எனக்கு உங்கட முகம்தான் வந்துது.

இணையத்தில இப்ப ஒரு வியாபாரம் நடக்குது. உங்களுக்கு மெதைலேற்றம் குறைவு, உங்களுக்குக் கூடிப்போச்சு, எம்டிஎச்எஃப்ஆர் (ஃபோலேற்றில மெதைல் மூட்டையக் கட்டுற) பரம்பரையலகு பிழை, இந்தா சோதனை, இந்தா போத்தல் எண்டு. அந்தப் பரம்பரையலகில மாற்றம் உலகத்தில கோடிக்கணக்கான ஆக்களுக்கு இருக்கு, கனபேர் ஒரு வருத்தமும் இல்லாம வாழுறாங்க. அமெரிக்காவில பரம்பரை மருத்துவர்கள்ட கல்லூரியே 2013ல அதச் சும்மா சோதிக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுது. ஹோமோசிஸ்ரீனக் குறைச்சா மாரடைப்பும் குறையும் எண்டு நம்பி விற்றமின் குடுத்த பெரிய ஆய்வுகள் 2006ல வந்துது, ஹோமோசிஸ்ரீன் குறைஞ்சுது, மாரடைப்பு குறையேல்ல. மறதி தொடங்கின வயசானவங்களுக்கு பி விற்றமின் குடுத்து 2010ல ஒக்ஸ்ஃபோட்டில பாத்ததில மூளை சுருங்கிற வேகம் குறைஞ்சுது, முக்கியமா ஹோமோசிஸ்ரீன் கூடுதலா இருந்த ஆக்களுக்கு. அப்ப குறை இருக்கிற ஆளுக்கு நிரப்பினாப் பலன், குறை இல்லாத ஆளுக்குப் போத்தல் போத்தலாக் குடுத்தாக் காசுதான் போகும். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிற ஆக்கள் ஆரும் என்ர பேச்சக் கேட்டு மருந்த நிப்பாட்டிடாதீங்க, தயவுசெய்து. ஃபோலேற், பி12 பாக்கலாமா எண்டு உங்கட டொக்டரிட்டக் கேளுங்க, அவ்வளவும் போதும்.

ஆர் கட்டாயம் கேக்கோணும் எண்டா, மீன் முட்டை பால் ஒண்டும் எடுக்காத சைவக்காரர், வருசக்கணக்கா மெற்ஃபோமின் போடுற ஆக்கள், ஒமிப்ரசோல் மாதிரிக் காஸ் குளிசைய நிப்பாட்டாமப் போடுற ஆக்கள், வயித்தில ஒப்பரேசன் செய்த ஆக்கள், நாளும் குடிக்கிற ஆக்கள், அறுபது தாண்டின எல்லாரும். பி12 ஈரலுக்குள்ள வருசக்கணக்குக்குச் சேமிப்பில இருக்கும், அதால குறையிறதும் மெல்லமாத்தான், வீட்டில இருக்கிற ஆக்களுக்கே தெரியாத அளவுக்கு மெல்லம். நாக்கு வழுவழுப்பாச் சிவந்து எரியிறது, கால் விறைப்பு, செருப்பு கழர்றது, இருட்டில தள்ளாடுறது, மறதியோட சேந்த கோபம், இதுகளக் கண்டா வயசு எண்டு விடாதீங்க.

சாப்பாட்டுக்கு நாங்க எங்கயும் போகத் தேவையில்ல. நம்மட கடலில சூடை மீன் இருக்கு, கீரி மீன் இருக்கு, விலையும் பெருசில்ல, பி12 நிறைய. மட்டியில அதவிடக் கூட. சைவக்காரருக்குத் தயிர் இருக்கு, ஆனா என்ர அம்மா மாதிரி உடம்பு உறிஞ்சாத ஆக்களுக்குத் தயிர் காணாது, ஊசியோ குளிசையோதான். ஃபோலேற்றுக்குப் பயறு, கௌபி, பருப்பு, கச்சான், கீரை வகை எல்லாம். ஒரு வளர்ந்த ஆளுக்கு நாளைக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலேற் வேணும், பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம், உப்புக்கல்லில ஒரு தூசியளவுகூட வராது.

பேசி முடியமுந்தி முன்வரிசையில இருந்த ஒரு ஆச்சி கையத் தூக்கி, தம்பி கீரைய எவ்வளவு நேரம் அவிக்கிறது எண்டு கேட்டா. ஆச்சி, ஃபோலேற் சூட்டிலயும் கெடும், தண்ணியிலயும் இறங்கிப் போகும், அதால கழுவின பிறகு அரியுங்க, கொஞ்சத் தண்ணி விட்டு மூடி, பச்சை நிறம் இருக்கேக்கயே இறக்குங்க, வறையெண்டா இன்னும் நல்லம். அவிச்ச தண்ணிய ஊத்திப்போடாதீங்க, அத அப்பிடியே சொதிக்குள்ள விடுங்க.