கௌரியம்மாவும் பத்து சென்ட் நிலமும்

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசைல நம்ம வார்டு மெம்பர் அக்காமார்லாம் உட்கார்ந்திருக்கீங்க, உங்களுக்காகவே இன்னைக்கு கேரளாவோட கே.ஆர். கௌரியம்மா பத்தி பேசணும்னு வந்தேன். எம்எல்ஏன்னா ரோடு போடுறவரு, கல்யாணத்துக்கு வந்து மொய் வைக்கிறவருன்னு நமக்கு ஆகிப்போச்சு, ஆனா அந்த பதவியோட முதல் வேலை சட்டம் போடுறது, அதை அந்தம்மா அளவுக்கு செஞ்சு காட்டுனவங்க ரொம்ப கம்மிங்க.

1919ல சேர்த்தலை பக்கத்துல ஈழவர்ங்கிற பிற்படுத்தப்பட்ட சமூகக் குடும்பத்துல பொறந்தாங்க. அந்த சமூகத்துல இருந்து சட்டம் படிச்ச முதல் பொண்ணு. வக்கீலா இருந்தவங்க கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தாங்க, ஜெயிலுக்குப் போனாங்க, போலீஸ்கிட்ட பட்ட சித்திரவதை கொஞ்சநஞ்சமில்ல. 1952ல, கேரளா உருவாகுறதுக்கு முன்னாடி இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநில சட்டசபைக்கு ஜெயிச்சாங்க. 1957 ஏப்ரல் 5, முதல்வர் இஎம்எஸ் நம்பூதிரிபாடோட கம்யூனிஸ்ட் மந்திரிசபை பதவி ஏத்துக்குது, இவங்க வருவாய்த்துறை மந்திரி, வயசு 37.

அன்னைக்கு அங்க குடிகிடப்புக்காரன், அதாவது அடுத்தவன் நிலத்துல குடிசை போட்டு இருக்கிறவன், அவன் பொழப்பு எப்படின்னு கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. ஜென்மியோட, அதாவது நிலத்துக்கு சொந்தக்கார முதலாளியோட தோப்புல ஓரமா ஒரு ஓலைக் குடிசை, அந்த மண்ணு அவனுக்கு சொந்தமில்ல, வாசல்ல நிக்கிற தென்னைல ஒரு தேங்கா பறிக்க உரிமை கிடையாது, முதலாளிக்கு கோவம் வந்தா ராத்திரியோட ராத்திரியா குடிசைய பிரிச்சுக்கிட்டு புள்ளகுட்டியோட கிளம்ப வேண்டியதுதான். பதவி ஏத்து ஆறாவது நாள், ஏப்ரல் 11, யாரையும் நிலத்தை விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு அவசரச் சட்டம் வந்துருச்சு. ஆறே நாள்ங்க!

அப்புறம் பெரிய நில மசோதாவ கொண்டுவந்து சட்டசபைல நிறைவேத்துனாங்க, ஆனா 1959 ஜூலை 31 அன்னைக்கு மத்திய அரசு அந்த ஆட்சியையே கலைச்சிருச்சு. விடலயே அந்தம்மா. 1967ல திரும்ப அதே துறை, 1969ல திருத்தச் சட்டம், 1970 ஜனவரி 1ல இருந்து ஜென்மி முறையே இல்ல. குடிகிடப்புக்காரனுக்கு பஞ்சாயத்துல பத்து சென்ட், நகராட்சில அஞ்சு, பெரிய நகரத்துல மூணு சென்ட் வரைக்கும் வாங்கிக்க உரிமை. ஒண்ணு சொல்லியாகணும், தோட்டங்களுக்கு விலக்கு குடுத்தாங்க, வயல்ல உழைச்ச தலித் ஜனங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு குடிசை மண்ணு மட்டும்தான் மிச்சம், வயல் கிடைக்கல. அந்தக் கொறை இன்னைக்கும் இருக்கு. ஆனா 'இறங்கிப் போ'ன்னு சொல்ற அதிகாரம் போச்சே, அது சின்ன விஷயமா?

இதுக்கு நடுவுல 1964ல கட்சி ரெண்டா உடையுது, வீட்டுக்காரர் டி.வி. தாமஸ் இந்திய கம்யூனிஸ்ட் (சிபிஐ), இவங்க மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் (சிபிஎம்). 1967 மந்திரிசபைல ரெண்டு பேரும் மந்திரி, ஆனா வேற வேற கட்சி, குடும்ப வாழ்க்கையும் அதோட பிரிஞ்சு போச்சு. 1987 தேர்தல்ல கௌரிதான் முதல்வர்னு ஊரெல்லாம் கோஷம், ஜெயிச்சதும் நாற்காலி அதே கட்சித் தலைவர் இ.கே. நாயனாருக்குப் போச்சு. 1994ல கட்சியே நீக்கிருச்சு, அப்ப வயசு 74, வேற யாரா இருந்தாலும் முடங்கியிருப்பாங்க, இவங்க தனிக்கட்சி ஆரம்பிச்சு 1996லயும் 2001லயும் ஜெயிச்சு வந்தாங்க.

அந்த 90கள்ல நடந்ததுதான் எனக்கு எல்லாத்தையும் விட பெருசு. ஆதிவாசிகள்கிட்ட இருந்து போன நிலத்தை திருப்பிக் குடுக்கணும்னு 1975லயே சட்டம் இருக்கு, அதை நீர்த்துப்போக வைக்கிற திருத்தம் சபைக்கு வருது, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே பக்கம். 140 பேர் இருக்கிற சபைல எதிர்த்து நின்னது கௌரியம்மா ஒருத்தங்க மட்டும்தான்.