ஸ்காட்ச்: கலவையா, சிங்கிள் மால்ட்டா?

நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம். ஸ்காட்லாந்தின் விஸ்கி வகைகளுள் கலவை விஸ்கியையும் சிங்கிள் மால்ட்டையும் சுவையாலும் விலையாலும் ஒப்பிட்டுப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். எடின்பரோவில் நெடுங்காலமாக வாழ்ந்து, இந்த மதுவின் வரலாற்றையும் செய்முறையையும் ஆர்வத்தோடு கற்று வருகிறவன் என்ற முறையில் அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். குடிக்காதவரைக் குடிக்கத் தூண்டுவது இந்த உரையின் நோக்கம் அன்று. குடிப்பவரும், குடிக்கிற உறவினருக்குப் பரிசாக ஒரு புட்டி வாங்குபவரும், தாம் கொடுக்கும் பணத்துக்கு எதைப் பெறுகிறார்கள் என்பதைப் பற்றியே பேசப் போகிறேன்.

ஊருக்குப் புறப்படும் நேரத்தில், மாமாவுக்கோ அத்தானுக்கோ ஒரு புட்டி வாங்க விமான நிலையத்துக் கடையில் நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஒரு பக்கம் ஜானி வாக்கர் பிளாக் லேபிளும் சிவாஸ் ரீகலும் இருக்கும். மறுபக்கம் கிளென்ஃபிடிக்கும் கிளென்லிவெட்டும் இருக்கும். இரு பக்கத்துப் புட்டிகளிலும் 12 ஆண்டு என்றே எழுதியிருக்கும். ஆனால் மால்ட்டின் விலை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதைக் கண்டவுடன், மால்ட் என்பது அசல் சரக்கு, கலவை என்பது அதில் எதையோ சேர்த்து மலிவாக்கியது என்ற முடிவுக்கு நம்மவர்கள் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு பிழையானது. இவை இரண்டும் வெவ்வேறு நோக்கத்துக்காகச் செய்யப்படுபவை; ஒன்றை மற்றொன்றின் தாழ்ந்த படியாகக் கருதுவதற்கு வரலாற்றிலும் இடமில்லை, செய்முறையிலும் இடமில்லை.

சட்டம் சொல்வதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். முளைகட்டிய பார்லியை மட்டும் ஊறல் போட்டு, ஒரே வடிசாலையில், செம்புக் கொப்பரைகளில் வடித்தெடுப்பது சிங்கிள் மால்ட். ஒரே வடிசாலை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வடிசாலையின் பற்பல பீப்பாய்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் நமக்குத் தெரிந்த மால்ட்டுகளும் புட்டிக்கு வருகின்றன. கோதுமையையோ மக்காச்சோளத்தையோ முதன்மையாகக் கொண்டு, உயரமான தொடர்வடிகலத்தில் இடைவிடாமல் வடிப்பது கிரெயின் விஸ்கி. மால்ட்டையும் கிரெயினையும் பல வடிசாலைகளிலிருந்து பெற்றுச் சேர்த்தால் அது கலவை விஸ்கி. எந்த வகையாயினும், ஸ்காட்லாந்தில் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும். 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹாலோடு புட்டியில் அடைக்கப்பட வேண்டும். தண்ணீரும் நிறத்துக்கான கேரமலும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. இந்த விதிகள் இரண்டுக்கும் பொது என்பதை மீண்டும் சொல்கிறேன். கலவை என்ற பெயரைக் கேட்டதும் கலப்படம் என்று எண்ண வேண்டியதில்லை.

காப்பிப் பொடிக் கடையில் பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு என்று விகிதம் சொல்லி வறுத்து அரைத்து வாங்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு கொட்டையில் மணம் இருக்கும், மற்றொன்றில் திடம் இருக்கும். விகிதம் அறிந்து சேர்ப்பவரின் கையில்தான் காப்பி இருக்கிறது.

இந்தக் கலவைக் கலை எப்படித் தோன்றியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சுவையைப் பற்றிய நம் தவறான எண்ணங்கள் பலவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனி வடிசாலையின் விஸ்கி பீப்பாய்க்குப் பீப்பாய் மாறுபட்டது. இந்த மாதம் வாங்கியதன் சுவை அடுத்த மாதம் கிடைக்கும் என்ற உறுதி வாங்குபவருக்கு இல்லை. 1830ஆம் ஆண்டளவில் ஈனியஸ் காஃபி என்பவர் தொடர்வடிகலத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, மென்மையான கிரெயின் விஸ்கி பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் 1853இல் பல பீப்பாய்களின் மால்ட்டைச் சேர்த்து ஒரே தரத்தில் விற்றார். 1860இல் வந்த சட்டம், வரி கட்டுவதற்கு முன்பே அரசுக் காவலில் உள்ள கிடங்கில் மால்ட்டையும் கிரெயினையும் சேர்க்க வழி செய்தவுடன் தொழில் விரைந்து வளர்ந்தது. எடின்பரோவுக்கு வருகிறவர்கள் அஷர் ஹால் என்னும் இசையரங்கைப் பார்த்திருக்கலாம். அது இந்த ஆண்ட்ரூ அஷர் நகரத்துக்குக் கொடுத்த 1,00,000 பவுனில் எழுந்தது. கில்மார்னக்கின் ஜான் வாக்கர், அபர்டீனின் சிவாஸ் சகோதரர்கள், எடின்பரோவின் ஜார்ஜ் பாலன்டைன் ஆகிய எல்லோருமே மளிகைக் கடைக்காரர்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தங்கள் கடைக்கு வருபவரின் நாவை நன்கு அறிந்தவர்கள் கலந்தவை இந்த விஸ்கிகள்.

மால்ட் வடிப்பவர்கள் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1905இல் வட லண்டனைச் சேர்ந்த இஸ்லிங்டன் நகராட்சி, மதுக்கடைக்காரர்கள் சிலர்மீது வழக்குத் தொடுத்தது. விஸ்கி கேட்டவருக்குத் தொடர்வடிகலத்துச் சரக்கு மிகுந்த பானத்தைக் கொடுப்பது, உணவுப் பொருட்கள் பற்றிய 1875ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரானது என்பது குற்றச்சாட்டு. கொப்பரையில் வடித்தது மட்டுமே விஸ்கி என்ற கருத்தை ஏற்று, 1906இல் நீதிபதி கடைக்காரர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். நாட்டில் விற்ற விஸ்கியில் மிகப் பெரும்பகுதி அதற்குள் கலவையாகிவிட்டதால், தொழில் முழுவதுமே ஆட்டம் கண்டது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தார்கள், முடிவு பிறக்கவில்லை. கிரெயின் வடிசாலைகளின் கூட்டமைப்பான டிஸ்டில்லர்ஸ் கம்பெனி, அந்த ஆண்டிலேயே தன் கேம்பஸ் வடிசாலையின் 7 ஆண்டு முதிர்ந்த கிரெயின் விஸ்கியைத் தனியாகப் புட்டியில் அடைத்து, செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து மக்களின் நாவிடமே வழக்கைக் கொண்டுசென்றது. 1908இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. பலரின் சாட்சியங்களைக் கேட்ட பிறகு, மால்ட்டும் கிரெயினும் இரண்டும் சேர்ந்ததும் விஸ்கியே என்று 1909இல் அது அறிவித்தது. கலவையில் மால்ட்டின் பங்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று எந்த அளவையும் ஆணையம் விதிக்கவில்லை.

இந்தக் கடைசிச் செய்தியை நேயர்கள் மறக்க வேண்டாம். இன்றுவரை அப்படி ஓர் அளவு சட்டத்தில் இல்லை. கலவைகளில் பாதிக்கும் மேல் கிரெயின் இருப்பது வழக்கம். துல்லியமான விகிதத்தை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. ஆகவே கலவைகளுக்குள் தரத்தின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிது. மலிவான கலவை ஒன்றைக் குடித்துவிட்டு, கலவை என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

புட்டியின்மீது எழுதியிருக்கும் வயது, அதற்குள் இருக்கும் விஸ்கிகளில் மிக இளையதன் வயது. பிளாக் லேபிளில் 12 என்று இருந்தால், அதிலுள்ள கிரெயின் உட்பட ஒவ்வொரு விஸ்கியும் 12 ஆண்டுகளாவது பீப்பாயில் கிடந்தவை என்று பொருள். நிறத்தையோ நம்ப முடியாது. கேரமல் சேர்க்க அனுமதி இருப்பதால், கருமையான விஸ்கி முதிர்ந்த விஸ்கியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சுவைக்கு வருவோம். நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் முறை ஒன்றுண்டு. கலவையையும், அந்தக் கலவைக்கு உயிராக இருக்கும் மால்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவையுங்கள். பிளாக் லேபிளுக்குப் பக்கத்தில் ஐலா தீவின் கால் ஈலா. டீச்சர்ஸுக்குப் பக்கத்தில் ஆர்ட்மோர். சிவாஸ் ரீகலுக்குப் பக்கத்தில் ஸ்ட்ராத்ஐலா. டூவர்ஸுக்குப் பக்கத்தில் ஆபர்ஃபெல்டி. ஒரே வடிவிலான இரண்டு கிளாஸ்களில் சிறிதளவே ஊற்றி, ஐஸ் சேர்க்காமல், சில துளித் தண்ணீர் மட்டும் விட்டு, முதலில் கலவையையும் பிறகு மால்ட்டையும் முகர்ந்து பாருங்கள். புகை மிகுந்த மால்ட்டை முதலில் எடுத்தால் நாக்கு அதற்கே அடிமையாகி, கலவையின் நுட்பம் தெரியாமல் போய்விடும்.

கால் ஈலாவில் முதலில் எழுவது பீட் என்னும் சதுப்புநிலக் கரியின் புகை. பார்லியை உலர்த்தும்போது ஏறிய அந்தப் புகையோடு எலுமிச்சையும், எண்ணெய்போன்ற வழுவழுப்பும், சற்று உப்புக் கரிப்பும் வரும். பிளாக் லேபிளில் அதே புகையைக் காணலாம்; ஆனால் அது பின்வரிசைக்குப் போயிருக்கும். முன்னால் உலர்ந்த திராட்சையும் வனிலாவும் நிற்கும். கிரெயின் விஸ்கி அவற்றுக்கு இடையே மென்மையான இனிப்பைப் பரப்பியிருக்கும். முன்பு போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்களில் முதிரும்போது கிரெயின் விஸ்கி அந்த வனிலா மணத்தை மிக நன்றாக வாங்கிக்கொள்கிறது. கிரெயின் என்பது வெறும் நிரப்புச் சரக்கு என்று சொல்பவர்கள், இந்த இரு கிளாஸ்களையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான வேண்டுகோள்.

இதனால் எனக்குப் புலப்பட்டதைச் சொல்கிறேன். ஓர் இடத்தின், ஒரு வடிசாலையின் தனிக்குணத்தை அறிந்து மெதுவாக அருந்த விரும்பினால் மால்ட்டுக்கு நிகரில்லை. லகாவுலினின் புகையையோ டாலிஸ்கரின் மிளகுக் காரத்தையோ எந்தக் கலவையும் முழுமையாகத் தராது. சோடாவோ ஐஸோ சேர்த்து, சாப்பாட்டுக்கு முன் உறவினரோடு உட்கார்ந்து பேசுகையில் அருந்துவதற்கு, நல்ல கலவையே பொருத்தமானது. அதற்காகவே அது சமன் செய்யப்பட்டிருக்கிறது. விலை மிகுந்த மால்ட்டில் சோடாவை நிறைய ஊற்றினால், எதற்காகக் கூடுதல் பணம் கொடுத்தீர்களோ அந்த நுட்பமே கரைந்துபோகும்.

இனி விலை. இதில் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டனில் மதுவரி, புட்டியின் விலையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. அதிலுள்ள ஆல்கஹாலின் அளவைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. 70 சென்டிலிட்டர் கொண்ட 40 விழுக்காட்டுப் புட்டிக்கு அந்த வரி 9 பவுனுக்கும் 10 பவுனுக்கும் இடையில் வருகிறது. மலிவான கலவைக்கும் அதே வரிதான், அரிய மால்ட்டுக்கும் அதே வரிதான். அதற்குமேல் விற்பனையில் 20 விழுக்காடு வாட் வரி. ஸ்காட்லாந்தில் குறைந்தபட்ச விலைச் சட்டப்படி இத்தகைய புட்டியை 18 பவுன் 20 பென்ஸுக்குக் குறைவாக விற்க முடியாது. அந்த விலைப் புட்டியில் வாட் வரி 3 பவுன், மதுவரி 9 பவுனுக்கு மேல். விஸ்கி, கண்ணாடி, அட்டை, லாரி, கடை லாபம் அனைத்துக்குமாக மிஞ்சுவது 5 அல்லது 6 பவுன். இப்போது 36 பவுன் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாட் வரி 6 பவுன்; மதுவரி அதே அளவு; மிஞ்சுவது ஏறத்தாழ 20 பவுன். நீங்கள் கொடுத்த விலை இரு மடங்கு. சரக்கை நோக்கிச் செல்லக்கூடிய பணமோ மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே மிக மலிவான புட்டி சிக்கனம் ஆகாது. அதற்கு அடுத்த படியில் உள்ள 12 ஆண்டுக் கலவையும், அதற்குச் சற்று மேலே உள்ள 10 அல்லது 12 ஆண்டு மால்ட்டும்தான் பணத்துக்கு மிகுந்த மதிப்பைத் தருகின்றன என்பது என் கருத்து.

ஒரு எல்லைக்கு மேலே போனால் நீங்கள் வாங்குவது சுவையை அன்று, கிடைப்பதற்கரிய தன்மையை. 1983இல் விஸ்கி தேங்கிக் கிடந்த காலத்தில் போர்ட் எலன், புரோரா ஆகிய வடிசாலைகள் மூடப்பட்டன. அன்று பெருமளவு கலவைக்கே போன அவற்றின் மால்ட், பின்னாளில் எஞ்சிய பீப்பாய்கள் குறையக் குறைய எட்டாத விலைக்கு ஏறியது. விஸ்கி மாறவில்லை, இருப்பு மட்டும்தான் குறைந்தது.

இந்தியாவில் உள்ள உறவினர்கள் கேட்கும் விலை வேறு கதை. சிங்கிள் மால்ட்டை 2012 முதல் ஸ்காட்லாந்திலேயே புட்டியில் அடைக்க வேண்டும். கலவையை மொத்தமாக அனுப்பி, அது போய்ச் சேரும் நாட்டில் அடைக்கலாம்; டீச்சர்ஸ், வாட் 69, ஹண்ட்ரட் பைப்பர்ஸ் போன்றவை இந்தியாவில் அப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. புட்டியாக இறங்கும் சரக்குக்கு நெடுங்காலம் 150 விழுக்காடு சுங்கவரி இருந்ததால், அங்கே இரண்டுக்கும் இடையிலான விலை இடைவெளி மேலும் அகன்றது. இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலையில் கையெழுத்திட்ட வணிக உடன்படிக்கை அந்த வரியை முதலில் 75 விழுக்காடாகவும், பத்தாண்டில் 40 விழுக்காடாகவும் குறைக்க வகை செய்கிறது. விமான நிலையத்தில் வாங்கும்போது புட்டியின் அளவையும் பாருங்கள்; அங்கே ஒரு லிட்டர் புட்டிகள் மிகுதி, வெளிக்கடையில் 70 சென்டிலிட்டர். விலையை அளவோடு வகுத்துப் பார்த்தே ஒப்பிட வேண்டும்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப் போவதை நிலையத்தார் சைகையால் தெரிவிக்கிறார்கள். விரிவாகப் பேச எண்ணியிருந்த இரண்டு வகைகளைப் பெயரளவிலாவது சொல்லிவிடுகிறேன். பல வடிசாலைகளின் மால்ட்டை, கிரெயின் சேர்க்காமல் கலப்பது பிளெண்டட் மால்ட்; மங்கி ஷோல்டரும், 15 ஆண்டு முதிர்ந்த ஜானி வாக்கர் கிரீன் லேபிளும் இந்த வகை. கிரீன் லேபிளில் டாலிஸ்கரும் கால் ஈலாவும் இருக்கின்றன. கலவைக்கும் மால்ட்டுக்கும் நடுவே தயங்கி நிற்பவருக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். மற்றொன்று சிங்கிள் கிரெயின்; நன்கு முதிர்ந்த கிரெயின் விஸ்கி, அதே வயதுள்ள மால்ட்டைவிடப் பெரும்பாலும் குறைந்த விலையில் கிடைக்கிறது. வாய்ப்பு அமையும்போது கேமரன்பிரிட்ஜ் அல்லது கர்வன் வடிசாலையின் பெயர் தாங்கிய ஒன்றைச் சுவைத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.