தயிரை நிறுத்தும் முன் தலையணையைப் பாருங்கள்

(திரையில்: தர்மபுரி பக்கம் ஒரு வீட்டு வாசல். பெண்கள் புளி தட்டுகிறார்கள்.)

வணக்கம். புளி தட்டும் காலத்தில் நம் பக்கத்து வாசல்களில் தூசி பறக்கும். பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடுவார்கள். ராத்திரி பிள்ளைக்கு இளைப்பு வந்தால் வீட்டில் என்ன சொல்கிறோம்? "மத்தியானம் தயிர்சோறு சாப்பிட்ட இல்ல, அதான்!" மறுநாளிலிருந்து தயிர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது. இளைப்பு மட்டும் நிற்காது.

(திரையில்: மூச்சுக்குழாய் படம்)

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் ஏற்கெனவே வீங்கியிருக்கும். ஒவ்வாத பொருள் உள்ளே போனால் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், வழி சுருங்கும். விசில் சத்தம் அப்படித்தான் வருகிறது.

அந்தப் பொருள் பெரும்பாலும் தட்டில் இருக்காது, காற்றில் இருக்கும். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி கண்ணுக்கே தெரியாது. அதன் எச்சம்தான் தொல்லை. உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டு நீரில் துவையுங்கள். ரோட்டோரப் பார்த்தீனியத்தின் மகரந்தம், கரப்பான், சுவர் பூஞ்சை, விறகடுப்புப் புகை எல்லாமே இளைப்பைக் கிளப்பும். பட்டுப்புழு மனையில் வேலை செய்கிறவர்களுக்கும் அங்கே பறக்கும் தூசியால் ஆஸ்துமா வருவதுண்டு. வேலை நாளில் இளைப்பு, லீவு நாளில் நிம்மதி என்றிருந்தால் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, சாப்பாடு? சிலருக்கு உண்மையிலேயே உணவு ஒவ்வாமை உண்டு. முட்டை, பால், வேர்க்கடலை, மீன், இறால் என ஏதோ ஒன்றைச் சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வரும். ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. பாட்டில் ஜூஸ், உலர்பழப் பாக்கெட்டில் 220 முதல் 228 வரை எண் இருந்தால் அது சல்ஃபைட். சிலருக்கு இளைப்பைத் தூண்டும். ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சலோடு இருமலும் கூடும்.

இப்படி எதுவும் இல்லாத பிள்ளைக்குக் களி, கீரை, தயிர், பழம் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. சந்தேகம் இருந்தால் என்ன சாப்பிட்டான், எங்கே விளையாடினான், எப்போது இளைத்தது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பயந்து நிறுத்தாதீர்கள். அதில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில்தான் போகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் அடித்தபின் வாய் கொப்பளித்தால் போதும்.

(திரையில்: 108)

உதடு நீலமானாலோ, பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தாலோ நிவாரண இன்ஹேலரை, அதாவது இளைப்பு வந்ததும் உடனே அடிக்கும் இன்ஹேலரை, கொடுத்துவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.